பளபளத்த உள்பக்கம்

ஸ்காட்லாந்தின் பனிக்காலச் சூரியன் உச்சிக்கு ஏறுவதே இல்லை. மத்தியானம் பன்னிரண்டரைக்கும் எதிர்வீட்டுக் கூரையை ஒட்டி, நடக்கிறவன் கண்ணுக்கு நேராக நிற்கிறது. வந்து ஆறு வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. வேலை, வேட்டைத் துப்பாக்கிக் கடையில். தோல் தைப்பவன் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள்.

போன வாரம் ஒருவர் துப்பாக்கி டெலஸ்கோப்பின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்புக் குழாய் கேட்டார். இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று உள்ளும் புறமும் மின்னியது. மற்றதன் உள்பக்கம் மங்கிய கறுப்பு. அவர் கை மின்னுவதற்குத்தான் போனது. கறுப்பை எடுங்கள் என்றேன். "உங்கள் ஊர் வெயிலை நினைத்துச் சொல்கிறீர்கள். இங்கே வெயில் ஏது?" என்று சிரித்தார்.

திண்டுக்கல் பேகம்பூரில், அத்தாவின் பட்டறையில் நானும் அண்ணன் யூசுபும் செருப்பும் பெல்ட்டும் தைத்துக்கொண்டிருந்த காலம். ஐம்பதுகளின் கடைசி. சித்தையன்கோட்டைத் தோட்டக்காரர் ஒருவர், சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரரிடம் வாங்கிய, டெலஸ்கோப் மாட்டிய துப்பாக்கியோடு வந்தார். "சாயங்காலம் மேக்க பாத்தாக் கண்ணு கூசுது அப்பு. இதுக்கு ஒரு குழா தச்சுக் குடு" என்றார். தோலின் சொரசொரப்பான முதுகுப்பக்கத்தை உள்ளே வைத்தால் தோல்தூள் கண்ணாடியில் உதிரும் என்று தோல்காரன் புத்தி சொன்னது. இரண்டு தோலை முதுகோடு முதுகாக ஒட்டி, இரு பக்கமும் மெழுகு தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். "ஏலே, இதுல முகம் பாத்துச் சவரம் பண்ணலாம்டா" என்றான் அண்ணன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் தோட்டக்காரர் மான் வேட்டைக்கு அண்ணனையும் கூட்டிப்போனார். உயிர் போகுமுன் அல்லாஹ்வின் பேரால் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் கறி நமக்கு ஆகும். "செத்த நேரத்துல வாரேம்மா, வெஞ்சனம் வைக்காத, கறி கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுக் கத்தியோடு போனான். முதல் குண்டில் மான் விழுந்து, மறுபடி எழப் பார்த்தது. அது செத்துவிடக் கூடாதே என்று அண்ணன் ஓடினான். இரண்டாவது குண்டு அவன் மார்பில் பாய்ந்தது.

"ஒரே வெளிச்சம் அப்பு. மான்னுதான் நெனச்சேன்" என்று தோட்டக்காரர் எங்கள் வாசலில் விழுந்து அழுதார். போலீஸ் விபத்து என்றது. அம்மா, அல்லாஹ்வின் நாட்டம் என்றார். மறுநாள் சாயங்காலம் அந்தக் குழாயைக் கேட்டு வாங்கி, மேற்கே காட்டிக் கண்ணை வைத்தேன். நான் தேய்த்த மெழுகு முழுக்க வெயில். எதிரே மரம் நின்றதுகூடத் தெரியவில்லை. கூறு கூறாக வெட்டி, தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகக் கப்பலேறினேன் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள்.

போன வாரம் வந்த அந்த வாடிக்கையாளரைக் கடை வாசலுக்கு அழைத்துப்போய், இரண்டு குழாயையும் வெயில் பக்கம் காட்டிப் பார்க்கச் சொன்னேன். மின்னுவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கறுப்பை எடுத்துக்கொண்டார். எப்படித் தெரியும் என்றார். என் அண்ணன் வேட்டைக்குப் போனான் என்றேன். "குறி தப்பாதவரோ?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பேகம்பூரில் இதைப் படிக்கிறவர்கள் அம்மாவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம். நானே சொல்ல வேண்டும்; தைரியம் வரவில்லை. அந்தியில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதெல்லாம் உன் நினைப்புத்தான் என்று அவர் எழுதச்சொல்லி வந்த கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. அங்கே அந்த நேரம் இங்கே மத்தியானம். சித்தையன்கோட்டையில் மலைக்குப் பின்னால் இறங்குகிற சூரியன், அதே நிமிஷத்தில் கடை வாசலில் என் கண்ணுக்கு நேராக நிற்கிறது.