லிஃப்ட் பெட்டியும் அக்காவின் தொண்டையும்

வேலை செய்வதைவிட வேலைக்குப் போய்ச் சேர்வதுதான் எனக்குப் பெரிய களைப்பு. இரும்புலியூரில் ஏறி, வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் வரைக்கும் நின்றுகொண்டே போனால் பாதி உயிர் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும். மீதியை ஆபீஸ் எடுத்துக்கொள்ளும்.

ஆபீஸ் என்றதும் கண்ணாடிக் கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்துக் கடைக்கு மேலே ஒரு மாடி, அவ்வளவுதான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்டை ஓட்டுகிற பெட்டிக்கு நாங்கள் புரோகிராம் எழுதுகிறோம். நான் செல்போன் ரிப்பேர் கடையிலிருந்து வந்தவன். வீடியோ பார்த்தும் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டது என் படிப்பு.

பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா. கிழக்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவர். கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகி, இனி வகுப்பே எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, நாற்பது வயதுக்கு மேல் இந்தத் தொழிலுக்கு வந்தார். இன்னும் தற்காலிகம்தான். நான் சொல்லப்போகும் வாரத்தில், வெள்ளிக்கிழமையன்று எங்கள் டீம் லீட் அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு எழுத வேண்டும். "கரும்பலகை கைவிட்டுடுச்சு. கம்ப்யூட்டரும் கைவிட்டா கர்த்தர்கிட்டதான் ரெஸ்யூம் குடுக்கணும் தம்பி" என்பார், அந்தக் கரகரத்த கிசுகிசுப்பில். நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

அவருக்குக் கொடுத்த வேலை பார்க்கச் சின்னது. எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே புரோகிராம்தான். கட்டடத்தின் பெயரும் மாடிக் கணக்கும் மட்டும் மாறும். பெட்டியில் ஓடத் தயாராக இருக்கும் புரோகிராம் ஃபைலைத் திறந்து, உள்ளே அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றி மூடுகிற கருவியை அக்கா எழுத வேண்டும். அப்படிப்பட்ட ஃபைலைப் பிரித்துக் காட்டவென்றே யாரோ முன்பே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், ஒன்று இருக்கிறது. அதை வைத்து எழுதினார். அவர் கம்ப்யூட்டர் திரையில் 'ஊரப்பாக்கம், ஐந்து மாடி' என்று அழகாக வந்தது. ஃபைலைப் பெட்டியில் ஏற்றினால் 'மேடவாக்கம், மூன்று மாடி' என்று பழைய பாட்டையே பாடியது. மறுபடி செய்தோம். மறுபடியும் மேடவாக்கம்.

டீம் லீட் வந்து பார்த்தார். "மேடம், உங்க ஸ்கிரீன்ல ஓடுது, என் பெட்டியில ஓடலையே. ஸ்கிரீனைக் கழட்டியா லிஃப்ட்ல மாட்ட முடியும்?"

அக்கா ஏதோ பதில் சொன்னார். அது எனக்கே கேட்கவில்லை. லீட் அதற்குள் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

கீழே போனோம். டீக்கடை அண்ணன் எங்களைப் பார்த்தார்.

"இன்னா சார், மூஞ்சி பேஜாரா கீது? லிஃப்ட்டு நடுவுல நின்னுகிச்சா?"

"ஏறவே இல்லண்ணா."

"அப்ப படியில ஏறிப் போ சார். அதுக்கு இன்னாத்துக்கு கம்ப்யூட்டரு?"

மேலே வந்து அக்கா அந்த லைப்ரரியின் விளக்கக் குறிப்பை முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். பாதியில் விரல் நின்றது. 'ஃப்ளாக்', அதாவது கொடி என்கிற அடையாளக் குறியை ஏற்றவும் இறக்கவும் சில சின்னச் சின்னக் கட்டளைகள். முழு ஃபைலுக்கு ஒன்று, அதன் தலைப்புக்கு ஒன்று, உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று, பகுதிக்குள் கிடக்கும் தரவுக்கு ஒன்று. நாம் நினைவகத்தில் எதை மாற்றினாலும், 'இது மாறியிருக்கிறது' என்று கொடி ஏற்றினால்தான் லைப்ரரி அதை ஃபைலில் எழுதும். இல்லாவிட்டால், மாறியதே தெரியாததுபோல் பேசாமல் மூடிவிடும். திரை காட்டியது நினைவகத்தில் இருந்த நகலை. பெட்டி படித்தது ஃபைலை.

"அந்தக் கொடிக்குப் பேர் டர்ட்டியாம் தம்பி. ஒழுங்கா திருத்தி வச்சதுக்குப் பேர் அழுக்கா?"

அந்தக் கொடியை ஏற்ற ஒரு வரி சேர்த்தார். இப்போது பெட்டி எதுவுமே பேசவில்லை, அதன் சின்னத் திரை கறுப்பு. எழுதச் சொன்னதும் லைப்ரரி தன் இஷ்டத்துக்கு உள்ளே இருந்த பகுதிகளையெல்லாம் இடம் மாற்றி அடுக்கியிருந்தது. "வூட்டைக் கூட்டச் சொன்னா பீரோவையே நகத்தி வச்சிருக்கு" என்றேன். அதற்கும் ஒரு கொடி இருந்தது: அடுக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கை வைக்காதே என்று முழு ஃபைலுக்கும் சொல்கிற கொடி. அதையும் ஏற்றினோம். பெட்டி விழித்து, 'ஊரப்பாக்கம், ஐந்து மாடி' என்றது. சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டம். எல்லோரும் அரைத் தூக்கம். லீட் மடிக்கணினியைப் பார்த்தபடியே, "அந்தக் கட்டடப் பெயர் பிரச்சனை சரியாயிடுச்சு போல. ஓகே, அடுத்தது" என்றார்.

அக்கா முணுமுணுத்தார். யாரும் திரும்பவில்லை. என்னைப் பார்த்தார். "கொடி ஏத்தலன்னா லைப்ரரியே எழுத மாட்டேங்குது. இவரா எழுதப் போறாரு?" என்றார். நான் பேச வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு எழுந்து நின்றார்.

"சார்!"

கடைசி பெஞ்ச் வரை போகிற டீச்சர் குரல். மருந்துக் கடையிலும் கேட்டிருக்கும். தூங்கியவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அது தானா சரியாகல சார். நான் சரி பண்ணேன். எப்படின்னு சொல்றேன், எழுதிக்கோங்க."

இரண்டு கொடியையும் விளக்கினார். பாதியில் குரல் உடைந்தது, நிறுத்தவில்லை. லீட் டைப் அடித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "நிரந்தரம்னு போட்டுட்டேன் மேடம். கொஞ்சம் உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார்.

சாயங்கால பஸ்ஸில் அக்காவுக்குச் சுத்தமாகக் குரல் இல்லை. சிரிக்க முயன்றாலும் இருமல்தான் வந்தது. கண்டக்டர் வந்து நின்றதும் அவருக்கும் சேர்த்து நானே சொன்னேன், இரும்புலியூர் ஒன்று, தாம்பரம் ஒன்று என்று.