வம்சாவளிப் பக்கத்தில் மச்சான்

மச்சானைப் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை. தங்கை கேட்டதால் அவளுடைய கணவரின் நினைவு மலரான இதில் எழுதுகிறேன்.

பிரான்சின் மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் மச்சான் பிறந்தார். அவர் சிறுவனாக இருக்கும்போதே தகப்பனார் படகோடு காணாமற்போனார். உடல் கிடைக்காததால் பங்குக் கோவிலின் மரணப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறவில்லை. தாயார் மீனைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்து மகனைப் படிப்பித்தார். மச்சான் பாரிசில் வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்று, மொன்றியலில் பேராசிரியரானார். கடலில் தொலைந்து எந்தப் பதிவேட்டிலும் ஏறாத மீனவர்களின் பெயர்களைப் பழைய மனுக்களிலும் விதவைகளின் கடிதங்களிலும் தேடி எடுப்பதே அவருடைய வாழ்நாள் ஆய்வு. ஒரு பெயரை உறுதிசெய்ய ஒரு கோடை விடுமுறை போய்விடும். பதவி உயர்வுகள் அவரைத் தாண்டிப் போயின.

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் எங்கள் பங்கு மண்டபத்தில் அகதிகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க வந்தபோதுதான் தங்கையைச் சந்தித்தார். வெள்ளைக்காரன் என்று வீட்டில் சம்மதிக்கவில்லை. திருமணத்துக்கு நான் போகவில்லை. அவரோ தங்கையிடம் எங்கள் தமிழைக் கற்று, எழுத்துக்கூட்டி வாசிக்கவும் பழகினார். அப்பா நோயில் விழுந்தபோது கொட்டும் பனியில் காரோட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவரும் அவர்தான்.

எங்கள் நாட்டில் சண்டைநிறுத்தம் வந்த ஆண்டு அப்பா காலமானார். முப்பத்தோராம் நாள் நினைவு மலரை நான் தயாரித்தேன். அதன் வம்சாவளிப் பக்கத்தில் தங்கையின் பெயருக்கு அருகே கணவர் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. திருப்பலி முடிந்ததும் மண்டபத்தில் மச்சான் அந்தப் பக்கத்தை விரல் வைத்து வாசித்தார்.

"மச்சான், என்னையும் கடலிலை விட்டிட்டியள் போல" என்றார் என்னிடம்.

அச்சகத்தில் தவறிவிட்டது என்றேன்.

"ஓம், எல்லா ஊரிலையும் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று சிரித்தார். பிறகு எனக்குத் தேநீர் எடுத்து வந்து தந்தார்.

நான் சொன்னது பொய். அச்சகத்திலிருந்து வந்த முதற்படியில் அவர் பெயர் இருந்தது. சனத்துக்கு வெட்கப்பட்டு நானே அதை வெட்டினேன்.

சென்ற மாரியில் அவர் புற்றுநோயோடு படுத்திருந்தபோது, இதைச் சொல்லவென்றே பல மாலைகள் போனேன். பேருந்து வசதியையும் குளிரையும் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பினேன். அவருக்குப் பேச்சு நின்ற பிறகுதான் காதருகே குனிந்து சொன்னேன். கேட்டாரோ தெரியாது.

இம்மலருக்காக அவருடைய தகப்பனாரின் பெயரைத் தங்கையிடம் கேட்டேன்.

"இப்பவோ அண்ணை கேக்கிறியள்?" என்றாள். பிறகு எழுதித் தந்தாள்.

மச்சானைப் பராமரித்த தாதியருக்கும், இறுதித் திருப்பலி ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தைக்கும், பெட்டியைச் சுமந்த அவருடைய மாணவர்களுக்கும், ரொக்ஸ்பரோவிலிருந்து நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் வம்சாவளி உள்ளது. தங்கைக்குப் பக்கத்தில் மச்சானும், அவருக்கு மேலே கடலில் தொலைந்த தகப்பனாரும் இருக்கிறார்கள். அச்சகத்தில் எதுவும் தவறவில்லை. அன்றும் தவறவில்லை.