எங்கள் வீட்டில் பூச்சி இல்லை

ஸ்ஸ்ஸ்ஸ்…

மகளின் அறையிலிருந்து வந்தது சத்தம். தேநீர்க் கோப்பையோடு மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். எங்கேயோ கேட்ட சத்தம். மிகக் கிட்டத்தில் நின்று கேட்ட சத்தம். எங்கே… எங்கே…

பஸ்.

இந்த ஊருக்கு வந்த முதல் பனிக்காலம். தரிப்பிடத்தில் நான், ஸ்ட்ரோலருக்குள் ஒரு கைக்குழந்தை, சுற்றிவர ஒரே வெள்ளை. பஸ் வந்து நின்று, ஸ்ஸ்ஸ்ஸ் என்று சீறியது. என்னைத்தான் ஏசுகிறதாக்கும் என்று இரண்டடி பின்னால் போனேன். பார்த்தால் அந்தப் பெரிய வாகனம் மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்து, தன் வாசற்படியைக் கொண்டுவந்து என் கால்களுக்குப் பக்கத்தில் வைத்தது. சீறிக்கொண்டே முழங்காலிட்டது! அப்படியும் ஒரு சீறல் உண்டு என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

அன்று ஸ்ட்ரோலருக்குள் இருந்த குழந்தைதான் ஆரணி. போன மாதம் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு, நான்கு பைகளோடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடும் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில், ரூஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள். ஜனவரியில் அவளுக்கு ரெஜைனாவில் வேலை. முதன்முதலாக விமானம் ஏறிப்போக வேண்டிய தூரத்தில் வேலை.

பைகளுக்குள் அழுக்குத் துணி என்பது தெரியும். பெட்டிக்குள்?

“புல் ஸ்நேக்” என்றாள்.

என் கணவர் குகன் பெருந்தன்மையோடு தலையாட்டினார். புல்லுக்குள் திரிகிற ஏதோ சாதுவான பாம்பு என்று விளங்கிக்கொண்டார், பாவம். அந்தப் ‘புல்’ நம்முடைய புல் அல்ல, காளை மாடு என்பது மூடியைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

விரல் பருமன்தான் இருக்கும். மணல் நிறம், முதுகு முழுக்கக் கபிலத் திட்டுகள். சுருண்டு கிடந்தால் ஒரு இடியப்பத்தின் அளவு… பெயரும் அதுதான். செல்லமாக ‘இடி’. அந்த இடியப்பம் உடம்பு முழுக்கக் காற்றை நிரப்பிக்கொண்டு, கழுத்தை வளைத்து நிமிர்ந்து சீறியது பாருங்கள்… ஒரு விரலுக்குள்ளிருந்து ஒரு முழுக் காளையின் மூச்சு! கூடவே வாலை மரச்சீவல்களில் படபடவென்று அடித்தது. நஞ்சுள்ள கிலுக்குப் பாம்பு வாலை ஆட்டுமாமே, அதே மாதிரி.

குகன் லிஃப்ட் திருத்துகிறவர். முப்பதாவது மாடியில், லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு, கீழே இருட்டைப் பார்த்தபடி சாண்ட்விச் சாப்பிடக்கூடிய மனிதர். அன்று அறைக்கு வெளியே, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றபடியே தீர்ப்பைச் சொன்னார்.

“நீ போற அண்டைக்கு உதுவும் போகோணும்.”

ஆரணியால் அதைக் கொண்டுபோக முடியாது. அங்கே அவள் எடுத்திருக்கிற அறையில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதியில்லை. அதைவிட அந்தக் குளிர். இத்தனைக்கும் இந்தப் பாம்புகளின் சொந்த மண்ணே அந்த மேற்குச் சமவெளிதானாம். ஒன்ராறியோவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் பிறந்த பாம்பு இங்கே நிற்கிறது. ஒன்ராறியோவில் பிறந்த என் பிள்ளை பாம்பின் ஊருக்குப் போகிறாள். யார் எந்த ஊர் என்று இனி யாரைக் கேட்பது?

எங்களிடம் விட்டுப்போகலாம் என்று நம்பி வந்திருந்தாள். அது இல்லையென்றானதும், பிக்கரிங்கில் பாம்பு வளர்க்கும் ஒருவரிடம் பேசினாள். ஞாயிறு காலை வந்து எடுத்துப்போவதாகச் சொன்னாராம். ஞாயிறு பின்னேரம் அவளுக்கு ஃபிளைட். அப்பாவோடு அவள் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். பெட்டியைக் கழுவித் துடைத்தாள். காய்ந்த பிறகு, திரும்பவும் கழுவினாள்.

ஏன் இவ்வளவு சீறுகிறது என்று ஒருநாள் கேட்டேன். குஞ்சு என்பதால்தான் என்றாள். பருந்திலிருந்து பூனைவரை எல்லாமே அதைத் தின்னும். நஞ்சு இல்லை. அதனால் இருப்பதுபோல நடிக்கிறது. பெரிய மூச்சு, வால் சத்தம், பாய்ந்து கொத்துகிற பாவனை… கொத்தும்போதுகூட அநேகமாக வாயைத் திறக்காதாம். மூக்கால் ஒரு இடி, அவ்வளவுதான். மேலேயிருந்து கையை நீட்டினால் பருந்து என்று நினைக்கும், பக்கத்தால் வரவேண்டும். சாப்பிட்டவுடன் தொடக்கூடாது. முக்கியமாக, சீறும்போது கையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. இழுத்தால், ‘ஓகோ, சீறினால் வேலை நடக்கிறது’ என்று படித்துக்கொள்ளும். வளர வளரப் பயம் தெளிந்து அடங்கிவிடும். ஆரணியின் கைக்கு ஓரளவு அடங்கியிருந்தது. காரில் வந்த பயணம் மறுபடியும் குழப்பிவிட்டது. இனி பிக்கரிங் என்றால், புதுக் கை, புது மணம்… எல்லாம் முதலிலிருந்து.

எனக்கு எங்களுடைய முதல் வருடம் ஞாபகம் வந்தது. எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா என்று கேட்ட இடத்திலெல்லாம் ‘யெஸ்’ என்று சொல்லாதவர் நம்மில் யார்? குகன் ஃபோர்க்லிஃப்ட் என்றால் என்னவென்றே தெரியாமல், ஓட்டத் தெரியும் என்று சொல்லி வேலைக்குப் போனவர். இரவல் வாங்கிய பெரிய ஜாக்கெட்டுக்குள் ஒல்லி உடம்பை ஒளித்துக்கொண்டு, நாங்களும் கொஞ்சம் ஊதித்தான் நடந்தோம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆரணிக்குப் பிரியாவிடைச் சாப்பாடு. சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டிருந்தோம். புதன்கிழமை பின்னேரம் குகன் தன் அக்காவுக்கு ஃபோன் எடுத்தார். மார்க்கம் நகரில் இருக்கிற அந்த மச்சாள் என்றால் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரு மரியாதை. அவர் வீட்டுக் குசினித் தரையில் இடியப்பம் பிழியலாம். நான் உண்மையான இடியப்பத்தைச் சொல்கிறேன்.

இதில் ஒரு சங்கடம். குகன் வீட்டு வழக்கப்படி, பொழுதுபட்டால் பாம்பு என்று வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் வந்துவிடும். ‘பூச்சி’ என்றுதான் சொல்வார்கள். ரொறொன்ரோவில் டிசம்பர் மாதம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. அப்படியென்றால் பாம்பைப் பற்றிப் பேச ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம்தான் கிடைக்கும்?

நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “அக்கா, வீட்டிலை ஒரு பூச்சிப் பிரச்சினை. பிள்ளை யூனிவேர்சிட்டியிலை இருந்து கொண்டுவந்திட்டாள். அவளின்ரை அறையிலைதான். ஓம், கட்டிலுக்குக் கீழைதான் கிடக்குது.” அவர் சொல்லி முடிக்குமுன்பே அக்கா ஃபோனை வைத்துவிட்டார். எனக்கும் அப்போது எதுவும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை தொடங்கியது. ஒருவருக்கு இருமல். ஒருவருக்குத் திடீரென்று சனிக்கிழமை ஷிஃப்ட். ஒருவருடைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை. அவர்கள் வீட்டில் மூன்று கார் நிற்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு சித்தி, செய்துவைத்த பலகாரத்தை வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு ஓடிப்போய்க் காரில் ஏறினார். ஜன்னலால் கையசைத்தேன். அவர் ஜாக்கெட்டை உதறிக்கொண்டிருந்தார்.

பாம்புக்கு இவ்வளவு பயமா என்று குகனே ஆச்சரியப்பட்டார். தன்னுடைய கட்சிக்கு இவ்வளவு ஆதரவா என்று கொஞ்சம் சந்தோஷமும்கூட.

சனிக்கிழமை காலையில் மார்க்கம் மச்சாள் வந்தார். சப்பாத்துக்கு மேலால் இரண்டு பலசரக்குக்கடைப் பைகளைக் கட்டியிருந்தார். கையில் ஆவியடிக்கிற மெஷின். வாசலோடு நின்றுகொண்டு உத்தரவுகள் போட்டார்: மெத்தையைத் தூக்கி வெளியே போடவேண்டும், உடுப்பு எல்லாவற்றையும் டிரையரில் உச்சச் சூட்டில் போடவேண்டும், மருந்தடிக்கிற ஆளுக்கும் சொல்லியாகிவிட்டது, பின்னேரம் வந்து அறை முழுக்க அடிப்பான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நகரத்தில் பூச்சி என்றால் ஒரே ஒரு பூச்சிதான். மூட்டைப்பூச்சி! அது இருக்கிற வீட்டுக்கு ஒருவரும் போகமாட்டார்கள். அந்த வீட்டிலிருந்து யாரும் வந்தால் ஜாக்கெட்டைத் தங்கள் கிளொசெட்டில் கொளுவ விடமாட்டார்கள். மூன்று நாட்களாக ஸ்காபரோவும் மார்க்கமும் எங்களைப் பற்றித்தான் பேசியிருக்கின்றன.

குகனின் காதுகள் சிவந்தன. பாம்பு என்று சொல்லத் தயங்கின மனிதர், சூரியன் இருக்கிற துணிச்சலில், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் கிடந்த பனியை, எங்கள் பாஷையில் சினோவை, தள்ளுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

“எங்கடை வீட்டிலை பூச்சி இல்லை அக்கா. பாம்பு.”

மச்சாள் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கைவைத்து ஒரு பெரிய மூச்சு விட்டார்.

“பாம்போ? சீ… நான் பயந்து ஏங்கிப்போனன். முதலே சொல்லியிருக்கலாமே.”

சப்பாத்துப் பைகளைக் கழற்றினார். உள்ளே வந்தார். ஜாக்கெட்டை எங்கள் கிளொசெட்டில் கொளுவினார். மருந்தடிக்கிற ஆளை மறித்தார். அவர் எடுத்த நாலைந்து ஃபோனில் இருமல் சுகமானது, ஷிஃப்ட் மாறியது, கார் ஸ்டார்ட் ஆனது. மத்தியானம் வீடு கொள்ளாத சனம்.

சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் பாம்பைப் பார்க்கவேண்டும். பெட்டி முன்னறைக்கு, எங்கள் ஹோலுக்கு, வந்தது. அங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. மூன்று நாள் அவமானத்துக்குப் பிறகு, பாம்பு என்பது குகனுக்கு எங்கள் வீட்டு மானத்தின் சாட்சியாகிவிட்டது. மகள் சொன்ன பாடங்களையெல்லாம் தான் கண்டுபிடித்ததுபோல எடுத்துவிட்டார். குஞ்சு, நஞ்சில்லை, சும்மா வெருட்டும், பக்கத்தால் போகவேணும், கையை இழுக்கக்கூடாது… ஆரணி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சாள் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். “அப்ப நீ ஒருக்கா தூக்கிக் காட்டன்.”

தேவையில்லை அப்பா என்று ஆரணி மெல்லச் சொன்னாள். ஆனால், இத்தனை கண்களுக்கு முன்னால் ஒரு லிஃப்ட் திருத்துகிறவர் பின்வாங்குவதா? மூடியைத் திறந்தார். பக்கத்தால் கையை விட்டார்.

இடி ஊதியது. ஸ்ஸ்ஸ்ஸ்… வால் படபடத்தது. கழுத்து வளைந்தது. பாய்ந்து, அவருடைய விரல் மொளியில் ‘டொக்’ என்று ஒரு இடி. வாயைத் திறக்காமல்தான். பின்னால் நின்ற சித்தி, பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்தார்.

குகன் அசையவில்லை. இன்னொரு டொக். அசையவில்லை. மெல்ல மெல்லக் காற்று இறங்கியது. வால் ஓய்ந்தது. நாக்கு வெளியே வந்து அவருடைய கையின் மணத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. இந்தக் குளிர்காலத்தில் சூடாக ஒரு உள்ளங்கை… எது வேண்டாமென்று சொல்லும்? தலையை வைத்தது. பிறகு உடம்பை இழுத்துக்கொண்டு ஏறி, விரல்களுக்குள் புகுந்து புகுந்து வந்து, கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

“அப்பா… பெர்ஃபெக்ட்” என்றாள் ஆரணி. “கையை இழுக்கவே இல்லை. எனக்கு இது வர எவ்வளவு நாள் எடுத்தது தெரியுமே?”

அவர் முகத்தைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். பின்னால் நின்றவள் நான். சட்டைக்கழுத்து நனைந்திருந்தது. வலது முழங்கால் தவில் வாசித்துக்கொண்டிருந்தது. அவர் கையை இழுக்காமல் இருக்கவில்லை. இழுக்க முடியாமல் உறைந்துபோய் இருந்தார். துணிச்சலும் உறைந்துபோதலும் முன்னால் நின்று பார்த்தால் ஒரேமாதிரித்தான் இருக்கும்போல. நம் வீடுகளில் எத்தனை அப்பாமாரின் காலம் இந்தக் குழப்பத்திலேயே கௌரவமாகக் கழிந்திருக்கும்?

இதை நான் அங்கேயே சொல்லியிருந்தால் இங்கே எழுத ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கை கழுவிவிட்டு வந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் குகன் சொன்னார். “பிக்கரிங்காரரை வரவேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. இந்தச் சினோவுக்குள்ளை அந்தாள் ஏன் சும்மா ஓடித்திரிவான்?”

வானம் நீலமாக இருந்தது. சினோ எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆரணி கறியைப் பரிமாறுகிற சாட்டில் குனிந்து, அப்பாவின் தலைமயிரைக் கலைத்துவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரமே வகுப்பு நடந்தது. விளக்குச்சூடு பெட்டியின் ஒரு பக்கம் மட்டும். கண் நீலமாக மங்கினால் தோல் உரிக்கப்போகிறது, அப்போது கோபம் கூடுதல், தொந்தரவு செய்யக்கூடாது. சாப்பாடு ஃபிறீசரில், நண்டுக்குப் பக்கத்திலுள்ள ஐஸ்கிறீம் டப்பாவில். தமிழர் வீட்டு ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் ஐஸ்கிறீம் இருக்காது என்பது எங்களுக்குப் புதிதில்லை. உறைந்த எலிக்குஞ்சு இருப்பதுதான் புதிது. குகன் எல்லாவற்றையும் தன் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு. ஏர்போர்ட். செக்யூரிட்டிக்குப் போகிற வரிசை. அதற்கு அப்பால் நாங்கள் போகமுடியாது. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, ஆரணி அப்பாவிடம் போனாள். அவர் அவளுடைய ஜாக்கெட் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். அவள் அதைக் கொஞ்சம் இறக்கினாள். அவர் திரும்ப இழுத்துவிட்டார்.

“அப்பா, பயமோ?” என்று கேட்டாள். பாம்பைப் பற்றித்தான் கேட்டிருப்பாள்.

என் மனிதர் முதல்தடவையாக ஊதாமல், உள்ளதைச் சொன்னார்.

“ஓம், பயம்தான். பயந்துகொண்டு பக்கத்திலை நிப்பன். நீ போயிட்டு வா.”