லாரி இல்லாத ஞாயிற்றுக்கிழமை

சொன்னால் சிரிப்பீர்கள். எண்ணூர் சாலையில் நான் கார் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் கேட்ட கிறீச்சொலி, பக்கத்தில் வரும் கன்டெய்னர் லாரியுடையது என்றே வாரக்கணக்கில் நம்பினேன். ஒரு ஞாயிறு, லாரியே இல்லாத சாலையில் மனைவி கேட்டாள்: "இப்போ எந்த லாரிய்யா கத்துது?"

பிரேக் போய்விட்டதென்றே முடிவுகட்டினேன். கைபிரேக்கைப் பிடித்தபடி, முதல் கியரிலேயே திருவொற்றியூர் மெக்கானிக்கிடம் ஊர்ந்தேன். "இதுக்கு நடந்தே பூடலாம்யா" என்று பாதியில் இறங்கிப் போனவள், நான் சேர்வதற்குள் அங்கே டீயே குடித்து முடித்திருந்தாள்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"பிரேக் நல்லாத்தான் புடிக்குது நைனா. பிரேக் பேடு தேஞ்சா, அதுல கீற தகடு சக்கரத்தோட சுத்துற டிஸ்க்குல ஒரசும். 'என்னை மாத்து'ன்னு கத்திகினு கீது. இன்னும் உட்டிருந்தா டிஸ்க்கும் கெட்டுப் பூட்டிருக்கும்."

முன்சக்கரப் பேடுகளை மாற்றினார். சத்தம் நின்றது. பிரேக் போகவே இல்லை, பேடுதான் தேய்ந்திருந்தது.