கழுவாமல் வைத்திருங்கள்

சட்டமன்றத் தேர்தல் அறிவித்ததும் எங்கள் தெரு நலச்சங்கத்தில் ஒரு யோசனை வந்தது. வேட்பாளர்களை இங்கே வரவழைப்போம், ஜெயித்தால் முதலில் செய்யப்போகிற மூன்று வேலைகள் என்னென்ன என்று ஒவ்வொருவரையும் நம் எதிரில் சொல்ல வைப்போம் என்றார்கள். கேள்வி கேட்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கப் போனில் யாரிடமாவது பதில் வாங்கிக்கொண்டே இருக்கிறவள் இவர்களிடமும் வாங்கிவிடுவாள் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் எங்கள் தெருவுக்கு இருந்தது ஒரே பிரச்சினை. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டினார்கள், பாதிக் குழாயை இறக்கினார்கள், பிறகு ஒப்பந்தக்காரரைக் காணவில்லை. தெருமுனையில் பெரிய பள்ளம். அதன் ஓரமாகத் தற்காலிகமாக வெட்டிவிட்ட ஒரு வாய்க்கால் வழியாகத்தான் எல்லா வீட்டுக் கழிவுநீரும் ஓடிப் பெரிய தெருக் கால்வாயில் விழும். நாற்றம் போகப்போகப் பழகிவிடும் என்று சொன்னவர்கள் உண்டு. பழகவில்லை. சமைக்கும்போது ஜன்னலை மூடிக்கொள்வோம். கரண்ட் போனால் புழுக்கம் தாங்காமல் திறப்போம். அப்போது ரசத்தின் வாசனையும் அதுவும் ஒன்றாக மூக்கில் ஏறும்.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு தம்பதி. ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அங்கிள் திண்டுக்கல் பக்கத்துக்காரர். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். ஆன்ட்டி ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர். முட்டிவலியால் மாடி ஏற முடியாது என்பதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது தரைத்தள வீடாகப் பார்த்து வாங்கினார்கள். நாங்கள் குடிவந்த புதிதில் காஸ் இணைப்பு கிடைக்கும்வரை எங்களுக்கு இரண்டு வேளையும் அவர் வீட்டுச் சாப்பாடுதான். வேண்டாம் என்று சொன்னதற்கு, பாத்திரத்தை என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. ஒரு வேட்பாளர் காலையிலும் இன்னொருவர் சாயங்காலத்திலும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களில் ஒருவர் தன் பாட்டை ஒலிபரப்பும் ஆட்டோவை மட்டும் அனுப்பினார். மீதிப் பேர் போனையே எடுக்கவில்லை.

அன்று காலை விடிந்ததுமே தெருமுனையில் டிராக்டர் சத்தம். காலையில் வருகிற வேட்பாளரின் கட்சிக்காரர்கள், எங்கோ இடித்த கட்டடத்தின் ரப்பிஷைக் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல் துண்டு, உடைந்த கக்கூஸ் பீங்கான், சிமெண்ட் கட்டி எல்லாம் பள்ளத்தையும் நிரப்பி, வாய்க்காலையும் மூடிவிட்டன. அங்கிள் லுங்கியோடு இறங்கிப் போய், தண்ணீர் போகிற வழி இதுதான் என்று பொறுமையாக விளக்கினார். வேலையை மேற்பார்த்த வட்டச் செயலாளர், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னான்.

“இன்னா பெர்சு, அண்ணன் வண்டி எப்டி உள்ள வரும்? கூட்டம் முடியட்டும், அப்பால அள்ளிக்கலாம்.”

அங்கிள் திரும்பி வந்து, ஒரு மணி நேரம்தானே, யாரும் தண்ணீரை அதிகம் திறக்காமல் இருந்தால் போதும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லா வீட்டிலும் துணி துவைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

காலி மனையில் ஷாமியானா போட்டிருந்தோம். வேட்பாளர் தாமதமாக வந்தார். ஆரத்தி எடுக்கப் பெண்கள் யாரும் இல்லையா என்று அவருடன் வந்தவர்கள் என்னைக் கேட்டார்கள். இது கேள்வி பதில் கூட்டம் என்றேன். அவர்களே வண்டியிலிருந்து தட்டையும் இரண்டு பெண்களையும் இறக்கினார்கள்.

மூன்று வேலைகளைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. பெரிய ரோட்டில் தலைவர் பெயரில் ஒரு அலங்கார வளைவு. பூங்காவில் தலைவருக்கு மார்பளவு சிலை. மூன்றாவதாக, இளைஞர்களுக்கு ஏசி போட்ட உடற்பயிற்சிக் கூடம். கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். சாக்கடை என்னவாகும் என்று கேட்டேன். அதுவும் லிஸ்டில் உண்டு என்று சொல்லிவிட்டு, என் ஊர் எது என்று கேட்டார். கரூர் என்றேன். கரூரில் எந்தப் பக்கம் என்றார். அந்தக் கேள்வி எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, இவங்களுக்கெல்லாம் ஓட்டு இங்க இருக்கா, இல்ல ஊர்லயே இருக்கா என்று விசாரித்தார். மெதுவாகக் கேட்பதாக அவருக்கு நினைப்பு. மைக் அவர் மடியிலேயே இருந்தது.

அப்போதுதான் ஆன்ட்டி வந்தார். புடவையின் கீழ்ப்பகுதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. பந்தலின் ஓரத்தில் நின்று கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். கிட்டப் போகும் முன்பே நாற்றம் வந்துவிட்டது.

“பாத்ரூம் வழியா மேல வந்துட்ச்சும்மா. ஹாலு, சாமி ரூமு, அல்லாத்துலயும் கீது” என்றார். அழவில்லை.

நான் மைக்கை வாங்கி, உங்கள் வண்டிக்காக அடைத்த வழியால் இந்த அம்மாவின் வீட்டுக்குள் கழிவுநீர் ஏறிவிட்டது, வந்து பாருங்கள் என்றேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. அதற்குள் போட்டோ எடுப்பவன் அவர் காதில் ஏதோ சொன்னான். முகம் மலர்ந்துவிட்டது. உடனே எழுந்தார்.

அந்த வீட்டுக்குள் போனோம். கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர். அதில் எல்லா வீட்டு மலமும் மிதந்துகொண்டிருந்தது. அங்கிள் கட்டிலின் மேல் ஏறி அரிசி மூட்டையை அலமாரிக்கு ஏற்ற முயன்றுகொண்டிருந்தார். வேட்பாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். மூட்டையில் கை வைக்கவில்லை. போட்டோகிராபர் வாசற்படியில் நின்றபடி, ஐயா அப்படியே கட்டில்ல உக்காருங்க, அண்ணனைப் பார்த்துக் கும்பிடுங்க என்றான். அங்கிள் மூட்டையை இறக்கி வைத்தார். வீட்டுக்கு வந்தவரிடம் மரியாதை காட்டிப் பழகிய மனிதர். கைகூப்பினார். இன்னொரு தடவை என்றான். இன்னொரு தடவையும் கூப்பினார்.

வேட்பாளர் வெளியே வந்ததும் இரண்டு பேர் மினரல் வாட்டர் பாட்டில்களைத் திறந்து அவர் காலைக் கழுவிவிட்டார்கள். அடைப்பை ஆளை விட்டு எடுத்துடு என்று வட்டச் செயலாளரிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். டிராக்டர் அதற்கு முன்பே அவருடைய அடுத்த கூட்டத்துக்குப் போயிருந்தது. வட்டச் செயலாளர் எங்கிருந்தோ ஒருவரை அழைத்து வந்தான். அரைக்கால் சட்டை, வெறுங்கால், கையில் ஒரு மூங்கில் கழி. அவரைப் பள்ளத்தை ஒட்டி இருந்த ஆள்குழிக்குள் இறங்கச் சொன்னான். அந்த மனிதர் சட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

ஆன்ட்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு அதுவரை நடந்து வந்து, குழிக்கு முன்னால் நின்றார். “என் ஊட்டு நாத்தத்துக்கு எவனும் உள்ள எறங்கி சாவ வாணாம். மேல நீ கொட்ன ரப்பிஷ்ஷ அள்ளு, போதும்.”

அதற்கு வண்டி இல்லை, ஆள் இல்லை என்றான் வட்டச் செயலாளர். அப்படியானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பைக்கில் ஏறிப் போய்விட்டான். வந்த மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றார், பிறகு அவரும் போனார்.

அந்த நேரத்தில்தான் என் போன் அடித்தது. சாயங்காலம் வரவேண்டிய வேட்பாளரின் ஆள். செய்தி அவர்களுக்குப் போய்விட்டிருந்தது. வீட்டுக்குள்ள கழிவுநீர் வந்துடுச்சாமே மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு என்றார். நானும் நன்றி சொன்னேன். பிறகு அவர் சொன்னார்:

“அண்ணன் சாயங்காலம் சேனல்காரங்களோட வர்றாரு. அதுவரைக்கும் கழுவாம வச்சிருங்க மேடம். அப்படியே இருக்கட்டும்.”

எனக்கு முதலில் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன். கழுவிட்டா ஜனங்களுக்கு எப்படித் தெரியும் மேடம் என்றார். குரலில் கூச்சம் ஏதும் இல்லை. கேட்டரிங்காரரிடம் பந்தியைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்வது போல இயல்பாகச் சொன்னார். போனை அணைத்தேன். உண்மையிலேயே ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

ஆன்ட்டியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவர் துடைப்பம் எங்கே என்று மட்டும் கேட்டார்.

பிறகு நாங்களே இறங்கினோம். மாடிவீட்டுக்காரர்கள் எல்லோரும் தண்ணீர்க் குழாய்களை மூடினார்கள். கடப்பாரை ஒன்று, மண்வெட்டி ஒன்று, மற்றவர்களுக்குப் பெயிண்ட் டப்பா. ஆண்கள் வாய்க்கால் மேலிருந்த ரப்பிஷையும், பள்ளத்தில் அதை ஒட்டிக் கிடந்ததையும் தோண்டி எடுத்தார்கள். நானும் என் கணவரும் இன்னும் இரண்டு பெண்களும் வீட்டுக்குள்ளிருந்ததை வாளியால் அள்ளினோம். வழி திறந்ததும் மீதித் தண்ணீர் வந்த வழியே இறங்கியது. பினாயில், பிளீச்சிங் பவுடர், மறுபடி தண்ணீர். மெத்தையையும் அரிசியில் பாதியையும் தூக்கிப் போட்டோம். அங்கிள் எங்களில் ஒவ்வொருவரிடமும் வந்து ஸாரி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எதற்காக ஸாரி சொன்னார் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

சாயங்கால வேட்பாளர் கேமராக்களோடு வந்தார். நேராக அந்த வீட்டுக்குத்தான் போனார். ஈரத்தரையைப் பார்த்தார், கூட வந்தவரைப் பார்த்தார். தண்ணி எங்க என்று கேட்டார். கழுவிட்டோம் என்றேன். அவருடைய ஆள் என்னை முறைத்தார். வீடியோ ஏதாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா, அனுப்ப முடியுமா என்றார்கள். இல்லை என்றோம். அவருக்கும் அதே கேள்வியைப் போட்டேன், முதல் மூன்று வேலைகள் என்னென்ன என்று. முதல் வேலை எதிரணிக்காரரின் லட்சணத்தைத் தோலுரிப்பது என்றார். மற்ற இரண்டைச் சொல்வதற்குள் பூந்தமல்லியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. ஷாமியானாவுக்குள் அவர் கால் வைக்கவே இல்லை.

வாக்குப்பதிவு அன்று நானும் போனேன். ஒரு விரலால் பொத்தானை அழுத்துவது அவ்வளவு அருவருப்பாக இருக்கும் என்று நினைத்ததில்லை. காலையில் வந்தவர்தான் ஜெயித்தார். நன்றி சொல்லத் திறந்த வேனில் வந்தபோது எங்கள் தெருவுக்குள் வரவில்லை. பள்ளம் திரும்பத் திறந்திருந்ததே.

ஒரு வாரத்தில் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஃபிளெக்ஸ் முளைத்தது. வாக்களித்த பெருமக்களுக்கு நன்றி. வேட்டியை மடித்துக் கட்டிக் கறுப்புத் தண்ணீரில் நிற்கிறார் வேட்பாளர். கட்டிலில் அங்கிள், பனியனோடு, கைகூப்பியபடி. அங்கிள் அதைப் பார்த்துவிட்டுப் பால் வாங்கப் போகும் வழியை மாற்றிக்கொண்டார். வெயிலில் சுற்றிக்கொண்டு போவார். யாராவது கேட்டால் நடை நல்லது என்பார்.

ஆன்ட்டி சில நாள் பொறுத்தார். ஒரு காலையில் காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பயந்து பின்னாலேயே போனேன். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் எதிரிலும், நிறுத்தத்து சிமெண்ட் பெஞ்சில் சிரமப்பட்டு ஏறி நின்று, கணவரின் உருவத்தை மட்டும் சுற்றி அறுத்து எடுத்தார். வேட்பாளரைத் தொடவில்லை. எதிர் டீக்கடையிலிருந்து வட்டச் செயலாளர் ஓடிவந்து, இன்னா பண்றே என்று அதட்டினான்.

“என் ஊட்டுக்காரரு மூஞ்சி. எட்த்துக்கினேன்” என்றார் ஆன்ட்டி. என் தோளைப் பிடித்து இறங்கி, அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அடுத்த நாளே அந்த இடத்தில் புது ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். அதே வேட்பாளர். எதிரில் வேறு ஏதோ தெருவைச் சேர்ந்த, எனக்குத் தெரியாத ஒரு முதியவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.