மாக்ரெட்டின் கல்ச்சர் தட்டு

கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டில் அக்காவும் தங்கையுமாக இருந்தவர்கள் மெற்றில்டாவும் மாக்ரெட்டும். இருவரும் கலியாணம் கட்டவில்லை. மெற்றில்டா கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கிருமி பார்க்கிறவள். நாற்பத்தொரு வயது மாக்ரெட் வீட்டில் இருந்தபடி மணப்பெண் சட்டைகள் தைப்பாள். கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பாட்டை எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான்.

போன ஜூனில் மாக்ரெட்டின் பிடரியில் ஒரு சீழ்க்கட்டு வந்தது.

"அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ."

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த மெற்றில்டா எட்டிப் பார்த்தாள். "சின்னக் கட்டுத்தானே. சுடுதண்ணியில ஒத்தடம் குடு."

கட்டு வற்றிப்போனது. அடுத்த கிழமை ஊரெல்லாம் பரவிய சளிக்காய்ச்சல் மாக்ரெட்டையும் பிடித்தது. இரண்டாம் நாள் இருமலோடு இரத்தம் வந்தது. மெற்றில்டா அவளைத் திரீவீல் ஓட்டோவில் ஏற்றித் தன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள். பின்னேரத்துக்குள் மாக்ரெட்டுக்கு மூச்சுக்குழாய் போட்டுவிட்டார்கள்.

தங்கையின் இரத்தம் ஆய்வுகூடத்துக்கு வந்தபோது, "நானே பாக்கிறன்" என்று மெற்றில்டா வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலையில், அந்த இரத்தத்திலிருந்த கிருமியை வளர்த்த கல்ச்சர் தட்டைத் திறந்தாள். ஆட்டு இரத்தம் கலந்த சிவப்புக் கூழில் பொன்னிறப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி இரத்தம் கரைந்து வெளிறிய வளையம். எத்தனையோ பேருடைய தட்டில் பார்த்த கிருமிதான். முடிவைச் சொல்ல ஐசியுவுக்குப் போன் எடுத்தாள். மறுமுனையில் தாதி அவளைச் சொல்லி முடிக்க விடவில்லை.

"மிஸ், நீங்கள் மேல வாங்கோ."

மாக்ரெட்டின் அடக்கம் முடிந்து பத்தாம் நாள் வேலைக்கு வந்தவள், கிருமியியல் டொக்டர் பலீலின் அறைக்கு நேரே போனாள்.

"இருந்த மருந்தெல்லாம் குடுத்தீங்கள். ஏன் நோய் நிக்கேல்ல?"

"மருந்து கிருமியைக் கொல்லும் மிஸ். அது முதலே விட்ட நஞ்சை ஒண்டும் செய்யாது." பலீல் தாளில் ஒரு வட்டம் கீறினார். "இது வெள்ளையணு. கிருமி வந்திட்டுது எண்டு உடம்பு அனுப்புற செய்தியைப் பிடிக்க இதுட தோலில ஒரு புரதம் இருக்கு. நஞ்சு அந்தப் புரதத்தைத்தான் தேடிப்போய் ஒட்டும். எட்டுத் துண்டு வளையமாச் சேர்ந்து ஓட்டை போடும். உள்ள இருக்கிறதெல்லாம் கொட்டி நுரையீரலை அரிச்சிடும். எலியில இவ்வளவு பிடிக்காது. எலிட புரதம் வேற. மனிசருக்கெண்டே அமைஞ்ச நஞ்சு."

உதவிக்கு ஓடிவந்த அணுக்கள்தான் முதலில் செத்திருக்கின்றன. மெற்றில்டாவால் அந்த வட்டத்தைப் பார்க்க முடியவில்லை.

"கழுத்தில கட்டு வந்தது டொக்டர். கண்டவை நிண்டவைக்கெல்லாம் சீழ் எடுத்துப் பாத்தனான். என்ட தங்கச்சிக்கு எடுக்கேல்ல. அதுவும் இதே கிருமியாத்தான் இருந்திருக்கும். எடுத்திருந்தா?"

பலீல் பொய் சொல்லவில்லை. "சொல்ல ஏலா மிஸ்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அந்தக் கிருமியை ஆராய்ச்சிக்கு வைக்க விருப்பம். இந்த நஞ்சை ஒட்டவிடாம மறிக்கிற மருந்து தேடுறாங்க. நீங்க வேணாமெண்டா இண்டைக்கே அழிச்சிடுவன்."

மெற்றில்டா எழுந்து போனாள். இரண்டு நாள் அந்தத் தட்டு இருந்த குளிர்ப்பெட்டிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் கையுறை மாட்டி, அந்தப் பொன்னிறப் புள்ளிகளைத் தானே வழித்துக் குப்பியில் இட்டாள். ஒட்டுத்தாளில் பெயர் எழுதக் கூடாது என்பது விதி, இலக்கம் மட்டும்தான். இலக்கத்தை எழுதி, மூடியை இறுக்கி, ஆழ்குளிர்ப்பெட்டியில் வைத்தாள். தங்கை போய்விட்டாள், அவளைக் கொன்றது இங்கே உயிரோடு இருக்கப்போகிறது என்ற நினைப்பு வந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.