ஆறாவது ஊசிக்குப் பிறகு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினெட்டு வருஷமாக லென்ஸ் தேய்ப்பவளைத் தெருவே 'கண்ணாடியக்கா' என்றுதான் கூப்பிட்டது. எந்த ஃப்ரேமுக்கு எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பது அவள் விரலுக்கே தெரியும். ஈரலில் ஹெபடைடிஸ் பி வைரஸ் குடியிருப்பது மட்டும், மகள் வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. பிறந்த அன்றே ஊசி போட்டு மகளைக் காப்பாற்றிவிட்டார்கள். அம்மாவுக்குச் சில வருஷங்களில் தினம் ஒரு மாத்திரை என்றானது. அது வைரஸை அடக்கி வைத்ததே தவிர, விரட்டவில்லை.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம், ஈரல் டாக்டர் ஒரு புது மருந்துச் சோதனையைப் பற்றிச் சொன்னார். வருஷக்கணக்காக வைரஸோடு மல்லுக்கட்டி உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் ஓய்ந்துபோய்விட்டன. இந்த ஊசி அவற்றைத் தட்டி எழுப்பப் பார்க்கும். பலிக்காமலும் போகலாம், ஆபத்தும் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். சும்மா இருக்கிற உடம்பை ஏன் சீண்ட வேண்டும் என்றார் கணவர். அவள் மூன்று நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மாதம் ஒரு ஊசி. ஐந்து வரை ஒரு மாற்றமும் இல்லை. வெறும் தண்ணியைத்தான் ஏற்றுகிறீர்களா என்று நர்ஸிடம் கேட்டுச் சிரித்தாள். ஆறாவது போட்ட இரண்டாம் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. கடையில் ஒரு ஃப்ரேமை மாட்டி நிலைக்கண்ணாடியில் பார்த்தபோது கண் மஞ்சளாகத் தெரிந்தது. லென்ஸின் நிறமோ என்று கழற்றினாள். கண்தான்.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

"எதிர்ப்பு அணுக்கள் முழிச்சுக்கிச்சும்மா. வைரஸ் இருக்கற ஈரல் செல்லை அடிக்குது. அதான் மஞ்சள்," என்றார் டாக்டர்.

"அப்ப நல்லதா, கெட்டதா?"

"ரெண்டும்தான். அடி அளவு மீறினா ஈரல் தாங்காது. ஊசியை நிறுத்திட்டோம்."

"எழுப்பிட்டீங்க. அடக்கத் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டார் கணவர்.

தானாக அடங்கத்தான் வாய்ப்பு அதிகம், அடங்காவிட்டால் கொடுக்க மருந்து இருக்கிறது என்றார் டாக்டர். தினமும் ரத்தம் எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கணவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒருமுறைகூட வாய்திறக்கவில்லை. அதை அவள் கவனித்தாள்.

மஞ்சள் இறங்கியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ரத்தத்தில் வைரஸின் புரதம் நூறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. போகவில்லை. குணம் என்று சொல்ல முடியாது, மாத்திரை தொடரட்டும் என்றார் டாக்டர். ஊசி மருந்தின் அளவைக் குறைத்து அடுத்த சோதனை தொடங்கப்போவதாகவும் சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

"அவகிட்டயே கேளுங்க," என்றார் கணவர்.

அவள் புதுச் சோதனையின் ஒப்புதல் தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். "படிச்சுட்டுச் சொல்றேன் டாக்டர்."